பெயர் போடாத தாளம்

(குந்தாரப்பள்ளியில் இளைஞர்கள் ஏற்பாடு செய்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஷிப்ட் முடிந்து சீருடையோடு நேராக இங்கே வந்தவர்கள் இருக்கிறீர்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் நைட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏற வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இன்று இரண்டு டிரம்ஸ் கலைஞர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒருவர் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் மாக்ஸ் ரோச். இன்னொருவர் நம்மவர், புருஷோத்தமன். முதல் பெயரை இங்கே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இரண்டாவது பெயரையும் கேள்விப்படாமல் இருக்கலாம். ஆனால் அவருடைய கை போட்ட தாளத்தைக் கேட்டுத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்தவர், இசை நடத்துநராகவும் இருந்தவர். 2020 மே மாதம் காலமானார்.

மாக்ஸ் ரோச் எந்த நாளில், எந்த ஊரில், யாரோடு உட்கார்ந்து எந்தப் பாட்டுக்கு வாசித்தார் என்று நாள்வாரியாகச் சொல்ல முடிகிறது. புருஷோத்தமன் எந்தெந்தப் பாட்டுக்கு வாசித்தார் என்பதை இசைத்தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பாடல்வாரியாகக்கூடச் சொல்ல முடியாது. ஏன் இந்த வித்தியாசம்? கேள்வி இவ்வளவுதான். இதற்குப் பதில் தேடிப் போனால் இசையோடு நிற்காது, சாதிக்குள் கொண்டுபோய் விடும்.

முதலில் ரோச். 1924இல் வட கரோலினாவில் பிறந்தவர், நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர், 2007இல் மறைந்தவர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாசித்தார். அதற்கு முன்பு டிரம்ஸ்காரர் காலால் பெரிய டிரம்மை மிதித்து மிதித்துத் தாளத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டும், மற்றவர்கள் அதன்மேல் வாசிப்பார்கள். கென்னி கிளார்க்கும் ரோச்சும் அந்தத் தாளக் காவலைச் சிம்பலுக்கு மாற்றினார்கள். காலும் இடது கையும் விடுதலையாகின. அதன்பிறகு டிரம்ஸ் மற்ற வாத்தியங்களோடு பேசவும் குறுக்கிடவும் மறுத்துப் பேசவும் தொடங்கியது. பின்னால் உட்கார்ந்து ஏவல் செய்தவர் முன்னால் வந்து உரையாடினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1945 நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் சார்லி பார்க்கர் என்ற சாக்சபோன் மேதையோடு ஒரு ஒலிப்பதிவு. டிரம்ஸ் ரோச். அன்றைக்குச் சில இடங்களில் பியானோ வாசித்தது யார், ஒரு குறிப்பிட்ட பாட்டில் டிரம்பெட் ஊதியது யார் என்று பல பத்தாண்டுகள் அறிஞர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். சில நொடி பியானோவுக்கு அத்தனை கட்டுரைகள்! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பொறாமை வந்தது. சில நொடி வாசித்தவரின் பெயரைக்கூடத் தொலைக்கக் கூடாது என்று பதறுகிற ஒரு கூட்டம் அங்கே இருந்திருக்கிறது.

அதன்பிறகு மைல்ஸ் டேவிஸோடு, கிளிஃபோர்டு பிரவுனோடு, சன்னி ரோலின்ஸோடு, தனியாக, எழுபதுகளில் செசில் டெய்லர், ஆர்ச்சி ஷெப் போன்றவர்களோடு இரண்டே பேராக என்று பதிவுகள் குவிந்துகொண்டே போகின்றன. அத்தனைக்கும் பட்டியல் உண்டு.

அமெரிக்கா நீதியான நாடு என்பதால் இந்தப் பட்டியல் வந்துவிடவில்லை. இரண்டு காரணங்களைச் சொல்கிறேன். ஒன்று, தொழிற்சங்கம். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தப்படி ஒலிப்பதிவு நடந்தால் காகிதம் இருக்க வேண்டும்: குழுத் தலைவர் யார், வாசித்தவர்கள் யார் யார், எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி. அந்தக் கூலிக் காகிதம்தான் பிற்பாடு வரலாற்று ஆவணமானது. அந்தச் சங்கமும் சுத்தமானதல்ல. கறுப்பர்களுக்குத் தனிக் கிளை, வெள்ளையர்களுக்குத் தனிக் கிளை என்று வைத்திருந்த சங்கம் அது. லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு கிளைகளும் ஒன்றானதே 1953இல்தான், அதுவும் இசைக்கலைஞர்கள் போராடி நடந்தது.

இரண்டாவது காரணம், உங்களைப் போன்ற ரசிகர்கள். 1936இல் பாரிஸ் நகரத்தில் சார்ல் டெலோனே என்ற இளைஞர் ஜாஸ் இசைத்தட்டுகளில் யார் யார் வாசித்தார்கள் என்று தொகுத்து ஒரு புத்தகமே போட்டார். அப்போது அவருக்கு 25 வயது. அதே 1936இல்தான் அண்ணல் அம்பேத்கர் சாதி ஒழிப்பு நூலை வெளியிட்டார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்று அதில் வாதிட்டார். இந்த இரண்டு புத்தகத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் நம் ஊர் இசைத்தட்டு வேறு மாதிரி தெரியும்.

அதற்கு முன் ரோச்சின் ஒரு பதிவை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெயர் 'வி இன்சிஸ்ட்'. 'வலியுறுத்துகிறோம்' என்று சொல்லலாம். 1960 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் பதிவானது. அந்த ஆண்டு பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ நகரில் வெள்ளையருக்கு மட்டும் என்று வைத்திருந்த சாப்பாட்டு மேசையில் நான்கு கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்து, எழுந்திருக்க மறுத்தார்கள். அந்தப் போராட்டம் நாடெங்கும் பரவியது. இசைத்தட்டின் அட்டையிலும் அதே காட்சி: மேசையில் கறுப்பர்கள் திரும்பி நம்மைப் பார்க்கிறார்கள், பின்னால் வெள்ளைப் பணியாள் நிற்கிறார். நம் ஊர் டீக்கடை இரட்டைக் குவளையைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் படத்துக்கு விளக்கம் தேவையில்லை.

உள்ளே அடிமைகளை மேய்த்த கங்காணியைப் பற்றி ஒரு பாட்டு. ஐந்து எண்ணிக்கைத் தாளம், அதன் அழுத்தத்தில் சாட்டை விழுவதுபோல ஒரு அடி. இன்னொன்றில் அபி லிங்கனின் குரலும் ரோச்சின் டிரம்ஸும் மட்டும். சொற்களே கிடையாது. பிரார்த்தனையாகத் தொடங்கி, நடுவில் அலறலாகி, கடைசியில் அடங்குகிறது. 1960 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். அந்த நாட்டு மக்களுக்கான துக்கமும் அந்தத் தட்டில் உண்டு. அதில் ஆப்பிரிக்கத் தாளம் வாசித்த நைஜீரியக் கலைஞர் ஒலாட்டுஞ்சியின் பெயர் இருக்கிறது. கூடவே தாளம் போட்ட மான்டியா, டு வால் இருவரின் பெயரும் இருக்கிறது. விடுதலையைப் பற்றிப் பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அடித்தவரின் பெயரை விட்டுவிட்டால் அது என்ன விடுதலை?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். எண்பதுகளின் தமிழ்த் திரைப்பட இசைத்தட்டு ஒன்றைக் கையில் எடுங்கள். படத்தின் பெயர், பாட்டின் முதல் வரி, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர். முடிந்தது. ஐம்பது அறுபது பேர் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்த பாட்டாக இருக்கும். வயலின் வரிசை, புல்லாங்குழல், கிட்டார், தபேலா, டிரம்ஸ், தவில், பம்பை, உடுக்கை. ஒருவர் பெயரும் கிடையாது. புருஷோத்தமனின் வாழ்நாள் உழைப்பு இந்த வெற்றிடத்துக்குள்தான் கிடக்கிறது. அவர் பெயர் தெரிந்தவர்களுக்கும் அது தட்டைப் பார்த்துத் தெரியவில்லை. சக கலைஞர்களின் வாய்வழியாகவும் மேடைக் கச்சேரிகளாலும் தெரிந்தது.

இங்கே சங்கம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1960இல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசன், இடதுசாரி இயக்கத்துக்காரர், சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர். கூலி, கால்ஷீட் நேரம் இவற்றுக்கு ஒழுங்கு வந்ததில் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கூலிக் கணக்கில் ஏறிய பெயர் தட்டின் அட்டைக்கு வரவில்லை. சம்பளப் பட்டியலில் தொழிலாளி, ரசிகனுக்கு முன்னால் யாருமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1994இல் நம் காப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞருக்கு உரிமை சேர்க்கப்பட்டது. 2012 திருத்தத்தில் பிரிவு 38பி வந்தது: நான் நிகழ்த்தியதை நான்தான் நிகழ்த்தினேன் என்று அடையாளம் காட்டச் சொல்லும் உரிமை கலைஞருக்கு உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. அதே திருத்தம், நிகழ்த்துகலைஞர் யார் என்று சொல்லும் இடத்தில் ஒரு வரியைச் செருகியது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழிலின் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் போடப்படாமல் இருந்தால், அவர் நிகழ்த்துகலைஞராகக் கருதப்பட மாட்டார். தன் நிகழ்ச்சியைச் சிதைத்தால் எதிர்க்கலாம் என்ற உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும்.

கவனியுங்கள். பெயர் போடாமல் விட்டது முதலாளிகளின் வழக்கம். அந்த வழக்கமே, பெயர் கேட்கும் உரிமை இவருக்கு இல்லை என்று சொல்வதற்கான காரணங்களில் ஒன்றாகிறது. கூட்டத்தில் தலைகாட்டும் துணை நடிகர்களை மனதில் வைத்து எழுதிய வரி இது என்று சொல்வார்கள். துணை நடிகருக்கு மட்டும் பெயர் கிடையாதா? சட்ட வாசகமும் நடிகர் என்று சொல்லவில்லை, 'ஒருவர்' என்றுதான் சொல்கிறது. வழக்கம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நம்மைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள், குளத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். அந்தச் சொல் சட்டப் புத்தகத்துக்குள் எங்கே உட்கார்ந்திருந்தாலும் நாம் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

சினிமா அப்படி, கர்நாடக இசை பரவாயில்லை என்று தோன்றலாம். ஆமாம், அங்கே தாளக்காரருக்குப் பெயர் உண்டு. பாலக்காடு மணி அய்யர், 1912இல் பிறந்து 1981இல் மறைந்தவர். மிருதங்கக்காரருக்குச் சங்கீத கலாநிதி முதன்முதலாகக் கிடைத்தது 1966இல் அவருக்குத்தான். பழனி சுப்பிரமணிய பிள்ளை, 1908 முதல் 1962 வரை வாழ்ந்தவர், இடது கைக்காரர். இருவரின் வாசிப்பும் பதிவுகளாக இன்றும் கேட்கக் கிடைக்கிறது. கேளுங்கள். மேதைகள்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் அட்டையைத் திரும்பப் பாருங்கள். அய்யர், பிள்ளை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விட்டொழியுங்கள் என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் சாதிப் பட்டத்துக்கு இந்த அட்டையில் இடம் இருந்தது. மிருதங்கத்தைச் செய்தவருக்கு மட்டும் இடம் இல்லை.

மணி அய்யருக்கு மிருதங்கம் செய்தவர் பர்லாந்து. தஞ்சாவூரில் செபாஸ்டியன் என்பவரின் குடும்பம், தலித் கிறித்தவர்கள். பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் இல்லாமல் மிருதங்கம் கிடையாது. எந்த மாட்டின் தோல், எந்த இடத்துத் தோல், எவ்வளவு கனம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வலந்தலையில் கல்பொடியையும் சோற்றையும் குழைத்துப் பூச்சுமேல் பூச்சாகத் தேய்த்து ஏற்ற வேண்டும். அந்தத் தேய்ப்பில்தான் நாதம் பிறக்கிறது. வித்வான் கேட்கும் ஒலியைத் தன் காதில் கேட்டு, அதைத் தோலில் கொண்டுவருகிறவர் இசை தெரியாதவராக இருக்க முடியுமா? ஆனாலும் இவர் தொழிலாளி, அவர் கலைஞர்.

இந்தக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று 2020இல் ஒரு நூல் எழுதினார். கலாக்ஷேத்ரா வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தருவதாகச் சொல்லி, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் விழா நடந்தது, தோழர் திருமாவளவன் கலந்துகொண்டார். மிருதங்கம் வாசித்தால் திறக்கும் அரங்கம், மிருதங்கம் எப்படி உண்டாகிறது, யார் கையால் உண்டாகிறது என்று பேசினால் மூடிக்கொள்கிறது.

நம் ஊருக்கு வாருங்கள். குந்தாரப்பள்ளி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வெள்ளிக்கிழமைச் சந்தை. விடியும் முன்பே ஆடும் மாடும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். மாட்டை வாங்குகிறவர் முதுகைத் தடவி, தோலைக் கிள்ளிப் பார்ப்பதை நாம் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். அந்தக் கையும் கண்ணும்தான் ஒரு தோல் வாத்தியத்தின் முதல் பாடம். அந்தத் தோல் தஞ்சாவூரில் மிருதங்கமானால் மேடை ஏறுகிறது. இங்கேயே தப்பட்டையானால் சாவு வீட்டு வாசலில் நிற்கிறது. அத்திப்பள்ளி தாண்டினால் தமட்டே என்கிறார்கள். பெயர்தான் மாறுகிறது, வாசிக்கிறவர் நிற்கும் இடம் மாறவில்லை.

என் தாத்தா தப்பட்டை அடித்தவர். ஒரு திருவிழாவில் அவர் குழு வாசித்ததை ஒருவர் கேசட்டில் பதிவு செய்து விற்றார். அட்டையில் சாமியின் பெயர் இருந்தது, ஊரின் பெயர் இருந்தது, பதிவு செய்த கடையின் பெயர் பெரிதாக இருந்தது. வாசித்த ஏழு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று பாட்டியிடம் கேட்டேன். "ஊர்க்காரங்க குடுத்த கூலியே பாதிதான், பேரு எங்கடா குடுப்பாங்க?" என்றார். கூலியையும் பெயரையும் அவர் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னார். என் ஆய்வில் படித்த பல கட்டுரைகளைவிட அது தெளிவாக இருந்தது.

அடுக்கிப் பாருங்கள். மேலே இசையமைப்பாளரும் பாடகரும், பெயர் பெரிய எழுத்தில். கச்சேரி என்றால் மிருதங்க வித்வானுக்கும் பெயர், சாதிப் பட்டத்தோடு. அதற்குக் கீழே சினிமா டிரம்ஸ்காரர், கூலி உண்டு, பெயர் இல்லை. அதற்கும் கீழே தப்பட்டைக்காரர், பாதிக் கூலி, பெயர் இல்லை. வாத்தியம் செய்தவர் அட்டைக்கு வெளியிலேயே நிற்கிறார். அண்ணல் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். ஒவ்வொருவருக்கும் கீழே இன்னொருவர் இருப்பதால் யாரும் மொத்த ஏணியையும் கேள்வி கேட்பதில்லை.

இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது: பண்ணைப்புரத்தில் பிறந்த ஒருவரின் பெயர் அட்டையில் பெரிதாக வந்ததே வெற்றி, அதைக் குறைக்கலாமா? வெற்றிதான். அந்தப் பெயரில் ஒரு எழுத்தையும் குறைக்கச் சொல்லவில்லை. தன் இசைக்கான உரிமையைக் கேட்டு அவர் நீதிமன்றம் போனபோது, பணம் வாங்கிவிட்டாரே, அப்புறம் என்ன உரிமை என்று கேலி பேசியவர்கள் உண்டு. அந்தக் கேலிக்கு எதிராக நாம் சொல்லும் அதே நியாயம் புருஷோத்தமனுக்கும் பொருந்தும் என்கிறேன். பெயர் என்ன சோறா, ஒருவர் சாப்பிட்டால் இன்னொருவருக்குக் குறைந்துபோக?

இரண்டாவது மறுப்பு நம் தோழர்களிடமிருந்தே வரும். பறை சாதி சுமத்திய இழிவு, அதை விட்டு வெளியேறுவதுதான் விடுதலை, அதற்கு எதற்குப் பெயரும் பட்டியலும்? அடிக்க மாட்டேன் என்று மறுத்து அடிவாங்கியவர்களின் வரலாறு நமக்கு உண்டு. அந்த மறுப்பை நான் வணங்குகிறேன். அதே பறையை விடுதலைக் கருவியாகக் கையில் எடுத்தவர்களும் நம்மவர்கள்தான். 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியபோது பறையும் டிரம்ஸும் பக்கத்தில் பக்கத்தில் ஒலித்தன. 2023இல் கர்நாடகத்தின் தமட்டே கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கும், 2025இல் நம் பறை ஆசான் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சி. விருது ஒருவரைத் தூக்கி நிறுத்தும். அவரோடு வாழ்நாள் முழுக்க வாசித்த ஐம்பது பேரைப் பட்டியல்தான் நிறுத்தும்.

ஊழியத்துக்கும் கலைக்கும் என்ன வித்தியாசம்? அடி ஒன்றுதான், தோல் ஒன்றுதான். கலை என்றால் வர முடியாது என்று சொல்லும் உரிமை இருக்கும், பேசிய கூலி இருக்கும், பெயர் இருக்கும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது ஊழியம். ஆகவே மறுப்பதும் பெயர் கேட்பதும் ஒரே சண்டையின் இரண்டு கைகள்.

உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கம்பெனியில் ஒரு பாகம் பழுதாகி வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தால், அது எந்த பேட்ச், எந்த மெஷின், எந்த ஷிப்ட், ஆபரேட்டர் யார் என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தாலும் அன்றைக்கு உங்கள் பெயர் தேடி வரும். பாகம் நன்றாக ஓடினால் கம்பெனியின் பெயர், பழுதானால் உங்கள் பெயர். பெயரைக் குறித்துவைக்க முடியாது என்பது பொய். எதற்காகக் குறிப்பது என்பதில்தான் அரசியல்.

ஆகவே வேலைக்கு வருவோம். அடுத்த முறை திருவிழாவிலோ இயக்க மேடையிலோ தப்பட்டையை, பம்பையை போனில் பதிவு செய்யும்போது கூடவே எழுதுங்கள்: தேதி, இடம், வாசித்த எல்லோருடைய பெயர், யார் எந்த வாத்தியம், அந்த வாத்தியத்துக்குத் தோல் கட்டியவர் யார். பதிவேற்றும் முன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடாதீர்கள், அதுவும் அவர் உரிமை. சாதியை எழுதாதீர்கள், பெயரையும் ஊரையும் எழுதுங்கள். காசு வந்தால் பங்கு கொடுங்கள்.

சினிமாவில் வாசித்த பழைய கலைஞர்கள் இன்னும் பலர் உயிரோடு இருக்கிறார்கள். போய் உட்காருங்கள். பாட்டைப் போட்டுக் காட்டி, இதில் யார் வாசித்தார்கள் என்று கேளுங்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் சரிபாருங்கள். புருஷோத்தமனிடம் இனிக் கேட்க முடியாது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களிடம் கேட்க முடியும். நம் தோழர்கள் பாட்டும் படமும் எடுக்கிறார்கள். அவர்களிடம் உரிமையோடு கேளுங்கள்: எல்லா வாத்தியக்காரர்களின் பெயரையும் போட்டீர்களா, வாத்தியம் செய்தவர் பெயரைப் போட்டீர்களா என்று. செயலிகளில் கலைஞர் பெயர்களுக்கு இடம் இருக்கிறது, நிரப்பத்தான் ஆள் இல்லை.

1952இல் மாக்ஸ் ரோச்சும் சார்லஸ் மிங்கஸும் பெரிய கம்பெனிகளை நம்பிப் பயனில்லை என்று சொந்தமாக 'டெபூ' என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார்கள். ரோச்சுக்கு அப்போது 28 வயது. இந்த அரங்கில் பாதிப் பேருக்கு அதே வயதுதான். நம்மிடம் தட்டு அச்சடிக்கும் மெஷின் இல்லை. கையில் போன் இருக்கிறது, நோட்டு இருக்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் தோல் வந்து இறங்கும் சந்தை இருக்கிறது. வருகிற திருவிழாவிலிருந்து தொடங்குங்கள்.

நைட் ஷிப்ட் தோழர்களுக்குப் பஸ் வந்துவிட்டது.